ஈர மணலில் பூசை ரசம்

காவாந்தண்டலத்துக் காலனிக் கோயிலுக்குப் பூட்டு கிடையாது. பூட்டுப் போடக் கதவு வேண்டுமே. கதவைத் தின்று முடித்த கறையான் நிலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதனால் பூசைக்கு வேண்டிய திராட்சை ரசம் உபதேசியார் ஏசுதாஸ் வீட்டில்தான் இருக்கும். மாதம் ஒருமுறை உத்திரமேரூரிலிருந்து வருகிற பங்குச் சாமியார் கையோடு கொண்டுவரலாமே என்றால், அது மதுவிலக்கு திரும்ப வந்திருந்த காலம். பனைமரத்தடியில் பால் குடித்தாலே கள் என்கிற ஊரில், அங்கி போட்ட மனுஷர் பாட்டிலோடு பஸ் ஏறினால் கேட்கவா வேண்டும்?

ஏசுதாஸ் வீடு தகரக் கூரை. சித்திரையில் உள்ளே அப்பளம் சுடலாம். ஆனாலும் அவர் வைத்திருந்த ரசம் ஒருநாளும் கெட்டதில்லை. தண்ணீர்ப் பானைக்கு அடியில் பாலாற்று மணலைக் குவித்து, பானை கசிந்து நனைக்கிற அந்த மணலில் பாட்டிலைக் கழுத்துவரை புதைத்து வைப்பார். மார்கழியில் கதையே வேறு. சாமியாருக்குச் சொத்தைப் பல். குளிர்ந்த ரசம் பட்டால் பாதிப் பூசையில் முகம் கோணிக்கொள்ளும். அதற்காக ஏசுதாஸ் பூசைக்கு முன்னால் பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டே ஜெபம் சொல்வார். அவர் மனைவி மலர்க்கொடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

அந்தச் சித்திரையில், வயலில் வரப்போரத்தைச் செதுக்கி அண்டை கழித்துக்கொண்டிருந்த ஏசுதாஸ் தலை சுற்றுகிறது என்று வரப்பில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

மலர்க்கொடி அழவில்லை. அழ வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. எங்கிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. பெண்கள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தபோது, யார் வீட்டு இழவோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகும் அப்படியே. சோறு வடித்தாள், சாப்பிட மறந்தாள். நாற்று நடப் போனாள், வந்தாள். நெஞ்சு மரத்துப்போனால் வலி தெரியாது என்பார்கள். வலி தெரியாததே பெரிய பாரமாக இருந்தது.

அவளுக்கு மிச்சமிருந்த ஒரே எண்ணம் முப்பதாம் நாள் பூசை. அதுவரைக்கும் ஆன்மா வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும், பூசை வைத்தால்தான் கரையேறும் என்பது அந்தக் காலனியின் நம்பிக்கை. வேதத்தில் அப்படி இல்லை என்று சாமியார் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.

பூசை நாள் காலையில் ஊரே கோயிலில் கூடியிருந்தது. மலர்க்கொடி கொண்டுவந்து கொடுத்த பாட்டிலைச் சாமியார் திறந்தார், முகர்ந்தார். ஒரு சொட்டு நாக்கில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"புளிச்சுப் போச்சும்மா. இது காடி. இதுல பூசை வைக்க முடியாது."

கூட்டத்திலிருந்து ஒரு கதறல் கேட்டது. ஏசுதாஸின் அக்கா செல்லாயி.

"பாவி, நான்தான் சாமி! சாவு வூட்டுத் தண்ணி இருக்கக் கூடாதுன்னு பானையக் கவுத்து, மணலையும் வாரிக் கொட்டிட்டேன். சேசுவோட ரத்தமாச்சே, தரையில கெடக்கலாமான்னு மாதா படத்தாண்ட வெச்சேன். வெளக்குப் பக்கத்துல!"

தகரத்துக்குக் கீழே, முப்பது நாளும் அணையாமல் எரிந்த விளக்கின் அருகே, பாதி பாட்டில் ரசம். பக்தி முற்றினால் இப்படித்தான்.

செல்லாயி தலையில் அடித்துக்கொண்டாள். மலர்க்கொடி அவள் கையைப் பிடித்தாள்.

"அடிச்சிக்காத அண்ணி. நான் தெனம் பாத்துக்கினுதான் இருந்தேன். அது அங்க இருக்கக் கூடாதுன்னு தெரியும். கை எழும்பல."

சாமியார் இருவரையும் பார்த்தார். அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல வந்தவர் மனதை மாற்றிக்கொண்டார். மலர்க்கொடியின் பக்கத்து வீட்டு எல்லப்பனை வேறு ரசம் எடுத்துவரச் சைக்கிளில் உத்திரமேரூருக்கு அனுப்பினார். பூசை சாயங்காலம் என்றார்.

எல்லப்பன் உச்சி வெயிலில் மிதித்துக்கொண்டு திரும்பினான். துண்டில் சுற்றி வந்த பாட்டில் கைபொறுக்காத சூடாக இருந்தது.

"பரவாயில்லை, கொடுப்பா," என்று சாமியார் கையை நீட்டினார்.

"அவரு இருந்தா இப்டி சூடாக் குடுப்பாரா சாமி?" என்றாள் மலர்க்கொடி.

சாமியார் கையை மடக்கிக்கொண்டார்.

அவள் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுபோனாள். புது மணல் அள்ளி வந்து மூலையில் குவித்தாள். கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்தி ஊற்றினாள். பாட்டிலைப் புதைத்து, மணலுக்குள் கையைவிட்டு அதைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். கோயில் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

வெயில் தாழ்ந்தது. "என்னம்மா, ஆரம்பிக்கலாமா?" என்று சாமியார் வாசலுக்கு வந்து கேட்டார்.

"இன்னும் சூடு அடங்கல சாமி."

கோயிலில் குழந்தைகள் சிணுங்கத் தொடங்கின. சாமியார் மறுபடி வந்தார்.

"இன்னும் அடங்கல சாமி."

செல்லாயிக்குப் பொறுக்கவில்லை. உள்ளே வந்து குந்தினாள். "இன்னா மே இது, எம்மா நேரம்?" என்று தன் கையையும் மணலுக்குள் விட்டாள்.

பாட்டில் ஜில்லென்று இருந்தது. எப்போதோ குளிர்ந்துவிட்டிருந்தது. செல்லாயி நிமிர்ந்து மலர்க்கொடியின் முகத்தைப் பார்த்தாள்.

"பூசை முடிஞ்சா எல்லாரும் எழுந்து வூட்டுக்குப் பூடுவாங்க அண்ணி," என்றாள் மலர்க்கொடி. பாட்டிலை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அவரும் பூடுவாரு."

செல்லாயி கையை எடுக்கவில்லை. ஈர மணலுக்குள் தம்பி பெண்சாதியின் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். வாசலில் மறுபடியும் நிழல் விழுந்தது.

"இன்னும் சூடாத்தான் கீது சாமி," என்றாள் செல்லாயி. "கொஞ்சம் இருங்க."