பாவுக்கு அடியில்

நெசவுக்காகத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டிய பட்டு நூல் பாவுக்கு அடியில் சைக்கிளோடு புகுந்து, ஓர் இழைகூட அறாமல் வெளியே வந்தவன் காஞ்சிபுரத்திலேயே நான் ஒருவன்தான். ஏகாம்பரநாதர் கோபுரமே குனிந்து பார்த்தது.

"ஆமாபா, குனிஞ்ச கோபுரத்தை நீதான் நிமிர்த்தி வச்சே," என்பான் சபாபதி. ஊரே நம்பும் இந்தக் கதையை நம்பாத ஒரே ஆள் அவன். அதுவும் இந்தக் கதையில் வரும் கலாவதியின் சொந்தத் தம்பி!

1969, மார்கழி. கலாவதியும் நானும் எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை. டீச்சராக வேண்டும் என்று ஆசை. ஆனால் அவள் அப்பா கலியாணசுந்தரம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "எவனாவது உன் பின்னால வந்தான்னு தெரிஞ்சுது, அன்னியோட ஸ்கூல் கட்."

அந்த எவன் நான்தான். பள்ளிக்கு முன்பே அவளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று எங்கள் ஊர் ஓரிக்கையிலிருந்து அண்ணன் சைக்கிளில் கிளம்பிவிட்டேன். நெசவாளர் தெருவில் விடியலில் பாவை நீட்டிக் கஞ்சி தடவுவார்கள் என்பது ஏர் பிடிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு எங்கே தெரியும்? சந்திலிருந்து திரும்பினேன். பனிக்குள் இடுப்பு உயரத்தில் பாவு. பிரேக்கைப் பிடித்தேன். சிந்திக் கிடந்த கஞ்சியில் சக்கரம் வழுக்க, நானும் சைக்கிளும் படுத்தபடியே பாவுக்கு அடியில் போய்ச் சேர்ந்தோம்.

பின்சக்கரம் இன்னும் சுற்றியது. கம்பிகளுக்குள் விரலை விட்டு நிறுத்தினேன். வலிக்கக்கூட இல்லை, அவ்வளவு பயம்.

"இன்னாடா சத்தம்?" சபாபதியிடம் கேட்ட கலியாணசுந்தரத்தின் குரல்.

"நாய்ப்பா," என்றாள் கலாவதி. கஞ்சிக் கிண்ணத்தோடு எனக்கு நேர் மேலே நின்றிருந்தாள். இழைகளுக்கு நடுவே அவள் முகம் வெளுத்திருந்தது.

அப்போதுதான் பார்த்தேன். என் சட்டைப் பொத்தானில் ஓர் இழை மாட்டியிருந்தது. மூச்சு விட்டால் அறும். இழை அறுந்தால் முனையைத் தேடி அவர் கீழே குனிவார். குனிந்தால் அவள் படிப்பு அன்றோடு சரி. என் நெஞ்சு அடித்த அடியில் வாலாஜாபாத் ரயில் தடம் புரண்டிருக்க வேண்டும்.

இழைகளைச் சரிசெய்வதுபோல் அவள் கையை அடியில் விட்டாள். பொத்தானைத் தடவி இழையை விடுவித்தாள். அவள் கை என் மேல் பட்டது அந்த ஒரு தடவைதான். எனக்கோ குளிர் சுரம் வந்தது போல் இருந்தது.

கஞ்சி தடவிக்கொண்டே கலியாணசுந்தரம் நெருங்கினார். அவர் பாதம் என் காதருகே நின்றது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"அந்தக் கோடியில கயிறு தளர்ந்துக்கினு இருக்குது. எல்லாரும் ஓடியாங்க!" என்று அவர் கத்தினார்.

தெருவே அங்கே ஓடியது. நான் சைக்கிளை இழுத்துக்கொண்டு சந்துக்குள் மறைந்தேன். அதன்பின் அந்தத் தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

கலாவதி படித்தாள். போன மாதம் வாலாஜாபாத்தில் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றாள். விழா முடிந்து சபாபதியோடு பஸ்ஸில் திரும்பும்போது பழைய கதையை எடுத்தேன். சபாபதி இந்த முறை சிரிக்கவில்லை.

"எங்கப்பா உன்னைப் பார்த்துட்டாருபா. நானும் பார்த்தேன். கயிறெல்லாம் கல்லு மாதிரிதான் இருந்துது. 'நான் பார்த்தேன்னு ஆயிட்டா உங்க அக்காவை ஸ்கூலை விட்டு நிறுத்தணும்டா, வாயைத் தொறக்காதே'ன்னாரு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அக்காதான் வேலையையே முடிச்சுட்டாளே, இனிமே வாயைத் தொறந்தா இன்னா. உன் கதை நடந்துதுதான்பா."