இருபது வரியில் ஒரு முகம்

ஓசூரில் அந்த நாளில் சாயங்காலக் கல்லூரியில் சேருகிறவனைப் பார்த்து, பையனுக்குப் படிப்பில் என்ன ஆசை என்று யாரும் மெச்சமாட்டார்கள். சூப்பர்வைசர் ஆசை வந்துவிட்டது என்பார்கள். சொன்னதில் தப்பும் கிடையாது. எண்பத்தேழாம் வருஷம் பி.ஏ. முதலாண்டில் சேர்ந்த நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் சிப்காட் கம்பெனிகளின் ஆட்கள்தான். பட்டம் வந்தால் பதவி வரும், பதவி வந்தால் குவார்ட்டர்ஸ் வரும். சௌந்தரராஜனுக்குப் பட்டமும் வேண்டாம், பதவியும் வேண்டாம், குவார்ட்டர்ஸ் வேண்டும். அது கிடைத்தால் பெண்டாட்டியை ஊரிலிருந்து கூட்டிவந்துவிடலாம்.

அவனுக்கு ஊர் கோவில்பட்டிக்குப் பக்கம். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. மனைவி தங்கமணி ஊரில் மாமனார் மாமியாரோடு இருந்தாள். இவன் ஓசூரில் ஐந்து பேர் பாய் விரிக்கும் ஓர் அறையில் இருந்தான். தங்கச்சி கல்யாணம் முடியட்டும், மருமகளை அனுப்பிவைக்கிறேன் என்று அவன் அப்பா சொல்லி மூன்று வருஷம் ஓடிவிட்டது. தங்கச்சிக்கு வரன்கள் வந்துகொண்டுதான் இருந்தன. வந்து, பஜ்ஜி தின்று, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போய்க்கொண்டும் இருந்தன. பொங்கலுக்கு நாலு நாள், தீபாவளிக்கு மூணு நாள், இதுதான் அவனுடைய இல்லறம். ஓசூர்க் குளிரில் போர்வையை இழுத்துக்கொண்டு அவன் அவளை நினைத்து ஏங்கியது கொஞ்சநஞ்சம் இல்லை.

கல்லூரியில் 'காண்கலை ரசனை: ஓர் அறிமுகம்' என்று ஒரு பாடம் வைத்திருந்தார்கள். ஓவியம், சிற்பம் எல்லாவற்றையும் எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தரும் பாடம். பார்ப்பதற்கு ஒரு பாடமா, கண்ணைத் திறந்தால் தெரிந்துவிட்டுப் போகிறது என்று பையன்கள் சிரித்தார்கள். இருட்டு அறையில் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி ஸ்லைடு போட்டுக் காட்டுவார்கள் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்று ஒரு நிம்மதி வந்தது. காலை ஷிஃப்ட் முடித்து வந்தவனுக்கு இருட்டைவிட நல்ல வாத்தியார் யார்?

பாடம் எடுத்தவள் முனிலட்சுமி. வயது இருபத்தேழுதான், வகுப்பில் பாதிப் பேர் அவளைவிடப் பெரியவர்கள். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், வகுப்பில் தமிழ் என்று வளர்ந்தவள். முதல் நாளே ஒரு பழைய சுவரோவியத்தைக் காட்டிவிட்டுப் பத்து நிமிஷம் வாயைத் திறக்காமல் பாருங்கள், பார்த்ததை எழுதுங்கள் என்றாள். நாலு பேர் குறட்டை விட்டார்கள். சௌந்தரராஜன் மட்டும் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தான்.

அவன் எழுதியது இது. இடது மேல் மூலையில் காரை இரண்டு அங்குலம் உதிர்ந்துள்ளது. மூக்குக்குக் கீழே மயிரிழை விரிசல். நிறம் சீராக இல்லை. வலது கை விரல்கள் தேய்ந்துள்ளன. முடிவு: ரிஜெக்ட்.

அவனைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஆறு வருஷமாக அவனுக்கு அதுதான் வேலை. எஞ்சின் வால்வுகள் ஒரு ஷிஃப்டுக்கு மூவாயிரம் அவன் கைக்கு வரும்; டியூப்லைட் வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, கீறல் உள்ளதைச் சிவப்புக் கூடையில் போடவேண்டும். கீறல் இல்லாத வால்வை அவன் பார்த்ததே இல்லை என்றுகூடச் சொல்லலாம். கண் அதன்மேல் நிற்கவே நிற்காது. முனிலட்சுமி அந்தத் தாளைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை விழுங்கிக்கொண்டு, இதில் உங்களுக்குப் பிடித்தது ஏதாவது இருந்ததா என்று கேட்டாள். அப்படி ஒரு கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை.

அதிலிருந்து அவன் அந்த வகுப்பில் தூங்கவில்லை. கரண்ட் போனால்கூட மற்றவர்கள்போல விசில் அடிக்காமல், எப்போது வரும் என்று வேட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆடி கழிந்து ஒருநாள் முனிலட்சுமி அந்தப் பருவத்துக்கான கட்டுரையைக் கொடுத்தாள்.

"உங்களுக்கு நல்லாப் பழக்கமான ஒரு மொகத்த இருவது வரியில எழுதினு வாங்க. போட்டோவப் பாத்து எழுதக் கூடாதுங்க. அழகு, லட்சணம்னு ஒரு வார்த்த வரக் கூடாது. இருக்கிறத எழுதணும்."

தீபாவளிக்கு முந்தின வாரம் கொடுத்தால் போதும் என்றாள். அறைத் தோழன் ஆஞ்சப்பனும் அதே வகுப்புதான். மத்தூர்க்காரன், சனிக்கிழமையானால் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவான். அவன் அன்றைக்கே குப்புறப் படுத்துக்கொண்டு தன் அம்மா மாரம்மாவைப் பற்றி இருபத்தாறு வரி எழுதி முடித்துவிட்டு, ஆறு வரியை எங்கே வெட்டுவது என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

சௌந்தரராஜனுக்குப் பேனாவை எடுத்ததும் தங்கமணி தோன்றினாள். தோன்றியவள் முகத்தோடு தோன்றவில்லை. வகிடு தெரிந்தது. குனிந்து சோறு போடும்போது தெரியும் ஒரு காது தெரிந்தது. வளையல் தெரிந்தது, பின்கழுத்து தெரிந்தது. முகம் வட்டமா நீளமா? மூக்குத்தி எந்தப் பக்கம்? மயிரிழை விரிசலைப் பத்தடி தூரத்திலிருந்து சொல்லுகிறவனுக்குப் பெண்டாட்டியின் மூக்குத்தி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. நாலு வருஷமாக யாரை நினைத்து ஏங்கினோம் என்று பயந்துபோனான்.

அந்த வீட்டு வழக்கம் அப்படி. பெரியவர்கள் இருக்கும்போது மருமகள் புருஷன் எதிரில் வந்து நிற்கமாட்டாள். புருஷனும் அவளை ஏறிட்டுப் பார்க்கமாட்டான். பார்த்தால் பொண்டாட்டிதாசன் என்று பெயர். அந்த வீட்டில் பெரியவர்கள் இல்லாத பொழுது என்று ஒன்று கிடையாது. விளக்கை அணைத்த பிறகுதான் அவள் அவனுக்கு மனைவி. கல்யாணப் போட்டோவில்கூட மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் நிற்பாள்.

கடுதாசி எழுதிக் கேட்கலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. அவன் கடுதாசிகள் எல்லாம் அப்பா பெயருக்குத்தான் போகும். தங்கச்சி முற்றத்தில் நின்று சத்தமாகப் படிப்பாள். தங்கமணி அடுப்படியிலிருந்து கேட்பாள். 'மற்ற அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்' என்று கடைசியில் ஒரு வரி இருக்குமே, அந்த 'மற்ற அனைவரும்' தங்கமணிதான்.

எழுதுவது இருக்கட்டும், முதலில் முகம் தெரியட்டும் என்று பொய் சொன்னான். கம்பெனி மருத்துவ அட்டைக்கு மனைவியின் போட்டோ ஒன்று உடனே வேண்டும் என்று எழுதினான். இரண்டு வாரம் கழித்துக் கெட்டி அட்டை வைத்த கவர் வந்தது. வாசலிலேயே நின்று பிரித்தான். கம்பெனி கேட்கிறது என்றதும் அவன் அப்பா குடும்பத்தையே கோவில்பட்டி ஸ்டுடியோவுக்குக் கிளப்பிவிட்டார் போலிருக்கிறது. அப்பாவும் அம்மாவும் நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் தங்கச்சி, பெரியம்மா, பெரியம்மா பேரன். பின்வரிசையில் அம்மாவின் தோளுக்கு மேலே, குனிந்த தலையோடு, சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தங்கமணி. ஃப்ளாஷ் வெளிச்சத்துக்குக் கண்ணை மூடிவிட்டாள். கம்பெனியிலிருந்து லென்ஸைச் சட்டைப்பையில் கொண்டுவந்து வைத்துப் பார்த்தான். புள்ளி புள்ளியாகக் கறுப்பும் வெள்ளையும்தான் தெரிந்தன, அவள் தெரியவில்லை.

ஒரு பொய் தனியாக இருக்காது, துணை தேடும். ஆளை நேரில் பார்த்துக் கையெழுத்து வாங்கவேண்டும் என்கிறார்கள் என்று இரண்டாவது கடுதாசி போட்டான். எழுதிவிட்டு, இதற்காக அவளைக் கூட்டிக்கொண்டு வயசான அப்பா பதினாலு மணி நேரம் பஸ்ஸில் வரவேண்டுமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் போட்டான். பார்க்காமல் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் தங்கமணியும் ஓசூரில் வந்து இறங்கினார்கள். உளுந்து விதைக்கிற நேரம், சாயங்காலமே திரும்பவேண்டும் என்று அப்பா இறங்கும்போதே சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் ஏது என்று கேட்பாரோ என்று இவன் பயந்தான். கம்பெனி என்றால் நாள் கிழமை கிடையாது என்று அவரே நம்பி வந்திருந்தார். அவருக்கு முன்னால் ஏதோ ஒரு தாளை நீட்டித் தங்கமணியிடம் கையெழுத்து வாங்கினான். அவள் குனிந்தபடியே கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

ஆஞ்சப்பன் அந்த வாரம் மத்தூர் போகவில்லை. மற்ற மூன்று பேரையும் மேட்னி ஷோவுக்குத் துரத்திவிட்டான். பிறகு பெரியவரிடம் போய், பக்கத்தில் பெரிய ஏரி இருக்கிறது, தண்ணீர் நிரம்ப நிற்கிறது, பார்க்கலாமா என்று கேட்டான். கரிசல்காட்டு ஆளுக்குத் தண்ணீர் என்றால் போதாதா, மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஆஞ்சப்பன் இவனைப் பார்த்துக் கண்ணடித்தான். அவன் நினைத்தது வேறு.

கதவு சாத்தியதும் தங்கமணியும் அதையேதான் நினைத்தாள் போலிருக்கிறது. முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். சௌந்தரராஜன் ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்தான். டிரங்குப் பெட்டியை ஜன்னலுக்கு எதிரே இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னான். தான் எதிரில் தரையில் உட்கார்ந்தான். நிமிர்ந்து பார் என்றான். அவள் கொஞ்சம் நிமிர்ந்தாள். இவன் பார்க்கிற பார்வையைக் கண்டதும் அவள் முகம் மாறியது.

"வீட்டுல என்ன சொல்லி எழுதுனாக?"

யாரும் எதுவும் எழுதவில்லை என்றான்.

"பின்ன என்னத்தப் பாக்கீக? பொண்ணு பாக்க வந்தன்னைக்கி அத்தை பாத்தாக, பெரியத்தை பாத்தாக. முடிய அவுத்துவிடச் சொல்லிப் பாத்தாக, நடக்கச் சொல்லிப் பாத்தாக. எல்லாத்தையும் பாத்து முடிச்சாச்சு. நீங்க ஒரு ஆளுதான் பாக்கல. நாலு வருசம் கழிச்சு இப்ப என்ன குறை கண்டுபிடிக்கப் போறீக?"

அவள் அவனிடம் இத்தனை வார்த்தைகளைச் சேர்த்துப் பேசியதே கிடையாது. கல்லூரி, வேட்டித்திரை, இருபது வரி என்று முன்னும் பின்னுமாக உளறினான். எதுவும் அவளுக்கு விளங்கவில்லை. கடைசியில் உள்ளதைச் சொன்னான்.

"எனக்கு உன் மொகம் ஞாபகத்துக்கு வரல, தங்கமணி."

அழப்போகிறாள் என்று நினைத்தான். அவள் அழவில்லை.

"எனக்கு மட்டும் வருதாக்கும்? உங்க வேட்டிக்கரை தெரியும். காலு தெரியும். செருமுனா தெரியும். அதை வச்சித்தான் நாலு வருசமா ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

அப்புறம் முந்தானையை விட்டுவிட்டுப் பெட்டியில் நேராக உட்கார்ந்தாள்.

"இருங்க. நானும் பாத்துக்கிடுதேன்."

இரண்டு பேரும் பார்த்தார்கள். முதலில் இருவருக்கும் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கம் வந்தது, அதுவும் போனது. மூக்குத்தி வலது பக்கம். ஒரு புருவம் மற்றதைவிடக் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. மோவாயில் பழைய தழும்பு. மேல் உதடு சின்னது, பேச வாயெடுத்தால் ஒரு பல் முந்திக்கொண்டு வரும். கண் கறுப்பு என்று நினைத்திருந்தான்; ஜன்னல் வெளிச்சத்தில் அது கருப்பட்டிப் பாகின் நிறமாக இருந்தது. புருவங்களுக்கு நடுவே நெடுக்குவாக்கில் ஒரு கோடு. அது கல்யாணத்தன்றே இருந்ததா, இவன் இல்லாத நாட்களில் விழுந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. அந்த ஒரு கோட்டை மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தொடத் தோன்றவில்லை. தொட்டால் பார்ப்பது நின்றுவிடும் என்று இருந்தது. அவள் கொண்டுவந்த தூக்குச்சட்டியில் கருவாட்டுக் குழம்பு மூடியைக்கூடத் திறக்காமல் ஆறிக்கிடந்தது.

வாசலில் அப்பாவின் செருமல் கேட்டது. தங்கமணி எழுந்து, தலை தானாகக் குனிய, சுவரோரம் போய் நின்றுவிட்டாள். கடல் மாதிரி தண்ணிடா என்று சொல்லிக்கொண்டே அப்பா உள்ளே வந்தார்.

சாயங்காலம் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். தங்கமணிக்குப் பெண்கள் சீட்டில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அப்பா இரண்டு சீட் தள்ளிப் பின்னால் உட்கார்ந்திருந்தார். உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு என்று வழக்கமாகச் சொல்வதையெல்லாம் அவர் சொல்லி முடித்தார். கண்டக்டர் விசில் கொடுத்தான்.

அப்போது தங்கமணி தலையை நிமிர்த்தினாள். மாமனார் பின்னால் இருக்கிறார் என்பதை அவள் மறந்துவிடவில்லை, தெரிந்துதான் செய்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு முழு முகத்தையும் வெளியே காட்டி, இமைக்காமல் அவனையே பார்த்தாள். அப்பா இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தார். பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கத்து டீக்கடையில் என்னவோ இருப்பதுபோல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பஸ் திரும்பியது. பஸ் ஸ்டாண்டில் அப்படியே நின்ற சௌந்தரராஜன் கண்ணை மூடிப் பார்த்தான். புருவத்து மேடு, தழும்பு, அந்தக் கோடு எல்லாம் வந்தன, ஒன்றுகூடத் தப்பவில்லை. இருபது வரி என்ன, இருநூறு வரி எழுதலாம். ஆனால் இத்தனை நாளும் அவன் ஏங்கியது ஊரில் இருந்த, முகம் இல்லாத ஒரு பெண்டாட்டிக்காக. அது போர்வைக்குள் அடங்குகிற ஏக்கம். இனி தங்கமணி இல்லாமல் இருக்கவேண்டும், அதை எப்படி இருப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.