ஜிம்மியின் வாயில் ஒரு காட்டுக்கோழி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததல்ல. குன்னூரிலிருந்து வரும் ஒரு சிறு பத்திரிகை, 'குளிர்ப் பிரதேசத்தில் வேட்டைக்கும் வீட்டுக்கும் ஏற்ற நாய் எது?' என்று என்னிடம் கட்டுரை கேட்டது. தெருவில் நாயைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போகிற ஆள் நான். இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் நம்புகிறது, அதை நான் ஏன் கெடுப்பானேன்?

இப்போது வேட்டை சட்டப்படி குற்றம். ஆகவே கட்டுரையை 1961க்கு நகர்த்தினேன். நகர்த்தியதும், கட்டபெட்டுப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், தேயிலை ஆலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கராக இருந்த மாணிக்கம் லைசென்ஸ் துப்பாக்கியோடு உள்ளே வந்துவிட்டான். பின்னாலேயே அவன் மனைவி வேணி, இடுப்பில் குழந்தையோடு. இனி எங்கே கட்டுரை?

2

முதல் தொடக்கம்: உறைபனி விழுந்திருந்த ஒரு காலையில்...

(வேண்டாம். ஊட்டிக் கதை எல்லாமே இப்படித்தான் தொடங்கித் தொலைக்கிறது.)

இரண்டாவது தொடக்கம்: சீமைக்குத் திரும்பவிருந்த எஸ்டேட் துரை, தன் மூன்று நாய்களையும் காட்டி, ஒன்றை எடுத்துக்கொள் என்று மாணிக்கத்திடம் சொன்னார். பாயிண்டர், பறவை இருக்கும் இடத்தை மோப்பம் பிடித்ததும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். அந்த அழகுக்கே சோறு போடலாம். ஆனால் முடி குட்டை, மார்கழியில் வெடவெடக்கும். லேப்ரடார் எந்தக் குளிர்ந்த தண்ணீரிலும் இறங்கும், சோற்றுப் பானையிலும் இறங்கும். ஸ்பேனியல் என்பது தொங்கு காதும் குட்டைக் காலுமாக இருக்கும். முட்புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்பும், சுட்டு விழுந்ததைப் பல் படாமல் கவ்விக்கொண்டு வரும்.

மாணிக்கத்துக்குப் பாயிண்டர் மேல்தான் கண். [இங்கே பாயிண்டரை வர்ணித்து அரைப் பக்கம் இருந்தது. வேணி பேசியதும் கிழித்துவிட்டேன்.]

"ஏனுங்க, அது நிக்கறதப் பாத்துட்டு நீங்களும் அப்படியே நின்னுக்குவீங்க. ஊட்டுக்குள்ள புள்ள தவழுதுங்க. பல்லுப் படாம கவ்வும்னு சொன்னீங்கல்ல, அதக் கூட்டியாங்க."

எனக்கு இந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?

ஸ்பேனியல் வந்தது. பெயர் ஜிம்மி. (வேறு பெயர் வைத்துப் பார்த்தேன். கூப்பிட்டால் திரும்பவே மாட்டேன் என்கிறது.)

3

ஜிம்மி வேட்டையை அடுத்த வீட்டிலிருந்தே தொடங்கியது. கருப்பம்மாளின் அடைக்கோழியைக் கவ்வி வந்து வேணியின் காலடியில் வைத்தது. கோழி எழுந்து சிறகை உதறி, வைதுகொண்டே வீட்டுக்குப் போனது. ஓர் இறகுகூட உதிரவில்லை. மறுநாளும் அதே கோழி, அதே வசவு.

"அம்மணி, கோழி புடிக்கிற நாய்க்கு ஒரே வைத்தியந்தானுங்க," என்றாள் கருப்பம்மாள். "செத்த கோழியக் கழுத்துல கட்டியுட்டு ஒரு பகல் உடுங்க. அப்பறம் அந்தப் பக்கமே திரும்பாது."*

"அது எதையுமே கொல்லலீங்களேக்கா!"

மாணிக்கம் அக்கம்பக்கத்துச் சண்டைக்குப் பயந்தவன். வேணி தண்ணீருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு வாங்கிய கோழியை அறுத்து ஜிம்மியின் கழுத்தில் கட்டிவிட்டான். குழம்பும் போயிற்று.

* கருப்பம்மாள் மேல் கோபம் வேண்டாம். காவல் நாய்க்கு அது கைகண்ட வைத்தியம். பறவை நாய்க்குத்தான் விஷம். கட்டுரைக்கென்று தேறியது இந்த ஒரு வரிதான்.

4

மார்கழியில் மாணிக்கம் சோலையோரம் ஒரு காட்டுக்கோழியைச் சுட்டான். ஜிம்மி ஓடியது, கண்டுபிடித்தது, மோந்தது. பிறகு வாலை இடுக்கிக்கொண்டு பின்வாங்கியது. எவ்வளவு அதட்டியும் அதைக் கவ்வ வாயைத் திறக்கவில்லை.

"பறவைய எடுக்காத பறவ நாய் எதுக்கு? மேட்டுப்பாளையம் லாரில ஏத்தி உட்டர்றேன்," என்றான் வீட்டுக்கு வந்ததும்.

"கீழ வெயில்ல அது பொழைக்குங்களா? கட்டுனது நீங்க. நாந்தான் அவுக்கோணும். பொங்கல் வரைக்கும் உடுங்க."

"பொங்கல் வரைக்குந்தான் புள்ள."

[அடுத்து ஓர் அழுகைக் காட்சி எழுதினேன். வேணி அழுகிற ஆள் இல்லை. எடுத்துவிட்டேன்.]

அவள் குழந்தையின் கம்பளிக் குல்லாயை எறிந்தாள். ஜிம்மி எடுத்து வந்தது. அதில் ஓர் இறகைச் செருகி எறிந்தாள். ஜிம்மி யோசித்தது, அவள் முகத்தைப் பார்த்தது, அன்று எடுக்கவில்லை. அதற்கும் திட்டவில்லை அவள். இன்னொரு நாள் எடுத்தது. பிறகு குல்லாய் நிறைய இறகு. கொண்டுவருவதை ஒவ்வொரு முறையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள், கோயிலில் பிரசாதம் வாங்குவதுபோல. இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதுகிறவன் கலங்கக் கூடாது என்று எவன் சொன்னான்?

5

போகிக்கு முந்தின நாள். கடைசிச் சோதனை. வேணியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனாள். துப்பாக்கி வெடித்தது. காட்டுக்கோழி புதருக்குள் விழ, ஜிம்மி உள்ளே புகுந்தது. மஞ்சு இறங்கி எல்லாவற்றையும் மூடியது. வெகுநேரம் ஒன்றும் வரவில்லை.

பிறகு வந்தது. வாயில் காட்டுக்கோழி. துப்பாக்கி ரவை சிறகின் நுனியில்தான் பட்டிருந்தது. கோழி உயிரோடு முழித்துக்கொண்டிருந்தது.

முடிவு ஒன்று: மாணிக்கத்தின் கையில் கொடுத்தது. இரவு குழம்பு. (எழுதினேன். வேணி அதை எப்படிக் கொதிக்க வைப்பாள் என்று தெரியாமல் நின்றுவிட்டேன்.)

முடிவு இரண்டு: வேணியின் கையில் கொடுத்தது. மாணிக்கம் பெருந்தன்மையோடு சிரித்

(அவ்வளவு பெருந்தன்மை அவனுக்கு உண்டா என்று சந்தேகமாக இருந்தது. இங்கேதான் அவனைக் குறைவாக எடைபோட்டுவிட்டேன்.)

மாணிக்கம் துப்பாக்கியை மரத்தில் சாய்த்து வைத்தான். மண்டியிட்டான். வேணி நீட்டுவதுபோலவே இரண்டு கையையும் நீட்டினான்.

"வாடா ராசா. லாரியும் இல்ல ஒண்ணும் இல்ல. நாந்தான் தப்பு பண்ணிட்டேன், வா."

ஜிம்மி பிழைத்தது. எனக்கு அது போதும். ஆனால் பறவை?

ஜிம்மி அவனைப் பார்க்கிறது, வேணியைப் பார்க்கிறது. மூக்கைத் தூக்கி மோப்பம் பிடிக்கிறது. இவ்வளவு நேரமாக இங்கே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும் உங்களைக் கண்டுவிட்டது. நனைந்த காதுகள் ஆட, உங்களை நோக்கித்தான் வருகிறது.

ஒரு கை போதாது. இரண்டையும் நீட்டுங்கள். பதமாக வாங்குங்கள், இன்னும் உயிர் இருக்கிறது.