ஐம்பது தப்படி முன்னால்

...இல்லவே இல்லை, வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்ட அந்த உள்நாட்டுச் சண்டையில் இங்கே நாங்கள் நிற்கவே இல்லை, நின்றது அதோ பின்னால், அந்தக் கற்சுவருக்குப் பின்னால், நின்றது என்ன நின்றது, குப்புறக் கிடந்தோம், ஐம்பது தப்படி, காலையில் நானே நடந்து எண்ணிப் பார்த்தேன், ஆனால் ஒஹையோ படைக்காரர்களின் நினைவுக்கல் நம் கல்லுக்கு முன்னால் இருந்தால் எங்கள் கர்னல் வைட்மருக்குச் சாப்பாடு இறங்காதே, அதனால் எங்கள் பென்சில்வேனியா தொண்டர் படையின் நினைவுக்கல் வேலியோரம் வந்து நிற்கிறது, பன்னிரண்டடிக் கருங்கல், உச்சியில் துப்பாக்கியோடு ஒரு பொம்மை, அட வெட்கங்கெட்டவர்களா, மிச்சமிருந்த அத்தனை பேரும் இங்கேதான் நின்றோம் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார்கள்... நானும்தான் போட்டேன், சண்டை நடந்து இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது, இனி என்ன குடியா முழுகிவிடும் என்று. இந்த வேலியோரத்தில் கிடந்தவன் என் அண்ணன் லைமன், முன்காவலுக்குப் போய் வயிற்றில் குண்டு வாங்கியவன், சாகிறவனிடம் வராத கூட்டம் இப்போது அவன் கிடந்த இடத்தையும் பிடுங்கிக்கொண்டு மலர்வளையத்தோடு வந்திருக்கிறது. இன்றைக்கு விடமாட்டேன், பேண்டு வாத்தியம் நின்றதும் எழுந்து கல்லைப் பின்னால் தள்ளுங்கடா என்று கத்தப்போகிறேன்... வாத்தியம் நின்றது, எழுந்தேன், கர்னல் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார், முழங்கால் பிடித்துக்கொண்ட மாதிரி மறுபடி உட்கார்ந்துவிட்டேன், தூ, நானும் ஒரு ஆம்பிளை. துணியை விலக்கினார்கள், கைதட்டல்.

ஃபிலீனா அண்ணி எழுந்து கல்லுக்குப் பக்கத்தில் போய்விட்டாள், லைமனின் பெண்டாட்டி, இன்னும் கறுப்பு உடுப்புதான், ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படிக்கிறாள், 'இந்த வேலியில் அசையாமல் நின்றார்கள்', நான் அவளிடம் சொன்ன கதை வேறு, அவன் எங்களைவிட்டு ரொம்ப தூரம் முன்னால், இந்த வேலிவரை போய்விட்டான், சத்தமே இல்லாமல் ஒரு நொடியில் உயிர் போய்விட்டது என்று. சத்தமே இல்லாமலா? ஒரு மணி நேரம் தண்ணீர் கேட்டான், பட்டப்பகலில், என் இடுப்பில் நிரம்பிய குடுவை இருந்தது, போனால் நானும் செத்திருப்பேன், செத்திருப்பேனா, யாருக்குத் தெரியும், போகவில்லை.

"ஏண்டா ஆரின், இந்த வேலிகிட்டதான அவர் விழுந்தாருன்னு சொன்ன? அப்ப நீயும் இங்கயே இருந்திருக்கியே!"

வசமாக மாட்டிக்கொண்டேன், இல்லை அண்ணி, கல் பொய் சொல்கிறது என்றால் அந்தச் சுவரை அவளும் பார்ப்பாள், ஐம்பது தப்படியை அவளும் எண்ணுவாள். ஆனால் அவள் கோபப்படவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், சிரிக்கிறாள்.

"நாதியத்துத் தனியா கெடந்து செத்தாரேன்னு இத்தனை வருஷமா புழுங்கிட்டிருந்தேன்டா. பக்கத்துல நீ இருந்திருக்க. நான் தாங்கமாட்டேன்னுதான மறைச்ச, பைத்தியக்காரா? என்னடா சொன்னாரு கடைசியா?"

"உங்க பேரைத்தான் அண்ணி சொன்னான்."

வாய் எப்படி வந்தது எனக்கு? ஆரின், ஆரின் என்று என்னையல்லவா கூப்பிட்டான், தொண்டை அடைக்கும்வரை. அவள் கல்லில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்கிறாள், கர்னல் வந்து என் முதுகில் தட்டிவிட்டுப் போகிறார், என்ன கல், என்ன இடம் பார்த்தாயா என்கிறார், ஆமாம் சார் என்கிறேன்... நாளைக்கே யோக்கியன் எவனாவது வந்து இதை ஐம்பது தப்படி பின்னால் தள்ளுங்கள் என்றால், கையை விரித்துக்கொண்டு குறுக்கே நிற்கப்போகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் போலிருக்கிறது.