பனிக்குன்றில் முதல் ஆட்டம்

சங்பில் செத்து விழுந்ததும் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் எறிந்தான். ஆட்டம் தொடங்கி ஒரு சிகரெட் பிடிக்கும் நேரம்கூட ஆகியிருக்காது. "எவன் சுட்டான், எங்கேருந்து சுட்டான், ஒரு எழவும் தெரியல சித்தி! செத்தா செத்ததுதானாம், மறுபடி உசுரு வராதாம். இதுக்குப் பேரு விளையாட்டா? திரும்பவும் பட்டாளத்துல கொண்டுபோய் விட்ட மாதிரி இருக்கு" என்று என்மேல் பாய்ந்தான். செத்தவன் பேசக் கூடாது, ராமியோன் நூடுல்ஸ் வேண்டுமானால் சொல், கொதிக்க வைக்கிறேன் என்றேன். முட்டை இரண்டாகப் போடச் சொல்லிவிட்டு, மற்றவர்களாவது எப்படிச் சாகிறார்கள் பார்க்கலாம் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

வொன்ஜு பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில் இருக்கிறது என் கணினிக்கூடம். வருகிற பயல்களுக்கெல்லாம் நான் சித்தி. ஆம்பளையாகப் பிறந்தவன் எல்லாம் கட்டாயம் பட்டாளம் போக வேண்டிய நாடு, அதிலும் சுற்றிலும் படைமுகாம்கள் என்பதால் பட்டாளம் போகப் போகிறவன், விடுப்பில் வந்தவன், முடித்துவிட்டு வேலை தேடுகிறவன் என்று எல்லாக் கழிசடையும் இங்கேதான் வந்து சேரும். வாயைத் திறந்தால் ஏச்சு, மூடினால் ஏப்பம். அதில் நம்கி மட்டும் தனி. பார்சல் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு வந்து, மூலையில் உட்கார்ந்து, யாரோ கம்பெனிக்காரன் எப்போதோ விற்ற பழைய துப்பாக்கி ஆட்டம் ஒன்றைப் பிரித்துப் பிரித்து மாற்றிக்கொண்டே இருப்பான். இப்படி விளையாடுகிறவனே மாற்றிச் செய்வதை 'மாட்' என்பார்கள். ஏன்டா இந்தத் தலையெழுத்து என்று கேட்டால், "ஒரு குண்டு பட்டா என்ன ஆகும்னு எந்த ஆட்டத்துலயும் சரியா வரல சித்தி" என்பான். அவ்வளவுதான் அவன் பேச்சு.

அவன் செய்ததில் குண்டு எண்ணிக்கை இல்லை, புள்ளி இல்லை, எதிரி எங்கே என்று காட்டும் சிவப்புப் பொட்டு இல்லை. பனி மூடிய ஒரு குன்று, அதன்மேல் காவல் முகாம். ஓடினால் மூச்சு வாங்கும். மூச்சு அடங்கும்வரை துப்பாக்கி ஆடிக்கொண்டே இருக்கும். மைக்கில் பேசினால் பக்கத்தில் நிற்கும் எதிரிக்கும் கேட்கும். அந்தக் குன்று பட்டாளத்தில் அவன் காவல் இருந்த குன்றேதான். அதன் படத்தை இணையத்தில் பார்த்துவிட்டு தலைநகர் சியோலிலிருந்து ஒரு கணினி விளையாட்டுக் கம்பெனி எழுதியிருந்தது. குழுத் தலைவர் நேரில் வந்து ஆடிப் பார்ப்பாராம், பிடித்தால் வேலையாம். காலையில் என்னிடம் வந்து, "பிடிச்சா வேலை சித்தி. இல்லேன்னா கிடங்குலயே முதுகு ஒடிஞ்சு சாக வேண்டியதுதான்" என்றான். சட்டைக்கு இஸ்திரி வேறு.

குழுத் தலைவர் என்று வந்தவன் தோக்பே. நல்ல கோட்டு, நல்ல செருமல். அவனைக் கண்டதும் நம்கியின் முகத்தில் ரத்தம் சுண்டிப்போனது. "சார்ஜென்ட்..." என்று இழுத்தான்.

"என்னடா, உசுரோடதான் இருக்கியா?" என்று அவன் தோளில் கை போட்டான் தோக்பே. "இன்னும் என்ன சார்ஜென்ட்? அதெல்லாம் முடிஞ்சுபோச்சு. அண்ணன்னு கூப்பிடு."

"சரிங்கண்ணே."

படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டதாம், இந்தக் குன்றை இப்படி அங்குலம் அங்குலமாக ஞாபகம் வைத்திருக்க அந்தப் பயல் ஒருத்தனால்தான் முடியும் என்று. பெரிய பாராட்டு மாதிரிச் சொன்னான். கூடத்துப் பயல்களும் சேர்ந்துகொண்டு ஆட்டம் தொடங்கியதும் குன்றைச் சுற்றி வந்தவன் வாய்விட்டுச் சிரித்தான். "அடப்பாவி, கொதிகலன் கொட்டகையைக்கூட விடலையாடா! சித்தி, இவன அதுக்குப் பின்னாலதான் பனியனோட நிக்க வெப்பேன். வெளியே பனி கொட்டும், உள்ள நாங்க கதகதன்னு படுத்திருப்போம். ஞாபகம் இருக்காடா?"

"இருக்குண்ணே" என்றான் நம்கி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இவனெல்லாம் நன்றாக இருக்கிறான், கோட்டுப் போட்டுக்கொண்டு வேலை கொடுக்க வருகிறான். கெட்டவன் குடி வாழும் என்று சும்மாவா சொன்னார்கள்! நான் போய் நம்கியின் பின்னால் நின்றுகொண்டேன். ஒவ்வொருத்தனாகச் செத்தான். செத்தவன் எல்லாம் முதலில் திட்டினான், பிறகு குரல் தாழ்ந்து, "டேய், என்னமோ இருக்குடா இதுல" என்றான். கூடமே அடங்கிவிட்டது. கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர்தான்.

நம்கி கொட்டகை நிழலில் படுத்திருந்தான். அவன் திரையில் தோக்பேயின் முதுகு தெரிந்தது, பனியில் மெதுவாக நடந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷத்துக்கு ஒரே ஒரு குண்டு. அவன் கழுத்து நரம்பு துடிப்பதை நான் பார்த்தேன். வேலையாவது மயிராவது, சுடுடா என் ராசா, என்று எனக்குள்ளே கத்தினேன். ஓடி வந்து படுத்ததால் துப்பாக்கி ஆடியது. மூச்சு அடங்கக் காத்திருந்தான். அப்படித்தானே அவனே செய்து வைத்திருந்தான். துப்பாக்கியின் ஆட்டம் குறைந்தது, குறைந்தது, நின்றது.

தோக்பேயும் நின்றான். திரும்பக்கூட இல்லை. மைக்கில் சாதாரணமாக, சாப்பிடக் கூப்பிடுகிறவன் மாதிரி முழுப் பெயரைச் சொன்னான்: "மா நம்கி."

"சிப்பாய் மா நம்கி!"

நாற்காலி பின்னால் சரிந்து என் முழங்காலில் இடித்தது. நம்கி விறைத்து நின்றான். இரண்டு கையும் மவுசை விட்டு, கால்சட்டைத் தையலோடு ஒட்டிக்கொண்டிருந்தன. பட்டாளத்தில் மேலே இருப்பவன் பெயர் சொன்னால் தூக்கத்திலும் எழுந்து பதவியும் பெயரும் கத்த வேண்டும், அவன் உட்காரச் சொல்லும்வரை விறைத்து நிற்க வேண்டும்; கத்தாதவனுக்கு என்ன கிடைக்கும் என்று கொட்டகையைத்தான் கேட்க வேண்டும். முடித்து வந்து எத்தனை வருஷம் ஆனால் என்ன, எலும்புக்குள் போனது போனதுதான். தோக்பே அவசரமே படாமல் திரும்பினான், நன்றாகக் குறி பார்த்தான், சுட்டான்.

கூடம் வெடித்துச் சிரித்தது. அங்கே இருந்த ஒவ்வொருத்தனுக்கும் அந்தக் கத்தல் தெரியும், ஒவ்வொருத்தன் தொண்டையிலும் அது கிடக்கிறது. அதனால்தான் அப்படிச் சிரித்தார்கள். ஒருவன், "சிப்பாய் மா நம்கி!" என்று கத்திக் காட்டினான். சங்பில், நம்கி கூடவே சுற்றுகிற நாய், மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். எனக்கு அந்த ராமியோனை அவன் தலையில் கொட்டலாம் போல இருந்தது.

தோக்பே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான். "நெஜமாவே சொல்றேன்டா, அருமை. முதல் ஆட்டத்துலயே புல்லரிச்சுப்போச்சு. அப்படியே நெஜம்." நம்கியின் கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். "வேலை உனக்குத்தான். திங்கக்கிழமை வந்துரு. என் பக்கத்துலயே இடம் போட்டுத் தரேன்."

பயல்கள் கை தட்டினார்கள். விருந்து எப்போ என்று கேட்டார்கள். சிரித்த வாயாலேயே வாழ்த்தினார்கள்.

"நன்றிங்கண்ணே!" என்று நேரே சுவரைப் பார்த்துச் சொன்னான் நம்கி.

தோக்பே கோட்டை மாட்டிக்கொண்டு யாருக்கோ போன் போட்டபடி இறங்கிப் போனான். நான் நாற்காலியை நிமிர்த்தி நம்கியின் பின்னால் தள்ளி, "போதும், உட்காருடா" என்றேன். அசையவில்லை. தோளைப் பிடித்து அழுத்தினேன். அவ்வளவு ஒல்லி உடம்பு, முழங்கால் மடங்கவில்லை. கை தையலோடு தையலாக இருந்தது. "உட்காருப்பா, அவன் போயிட்டான்" என்று காதோடு சொன்னேன். ஒருத்தன் சிரித்தான், பிறகு நிறுத்திக்கொண்டான். கீழே தெருவில், அவனை உட்காரச் சொல்ல வேண்டியவன் காரைக் கிளப்பிக்கொண்டிருந்தான்.