மேனேஜரின் நடை

தையல்காரியின் நாய் நடந்தால் அவள் புருஷனுக்குக் கால் வலித்தது. நாய்க்கு மேனேஜர் என்று பெயர். யாராக இருந்தாலும் மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் வாலாட்டும். வந்த புதிதில் அது செருப்பைக் குதறும், தையல் மெஷின் பெல்ட்டைத் தின்னும், காரணமே இல்லாமல் குரைக்கும். லேத் பட்டறையிலிருந்து திரும்பும் புருஷனும் வள்ளென்று விழுவான். விழுந்த கையோடு அடியும் விழும். தையல்காரி நாய்க்கு மட்டும் வைத்தியம் தேடினாள், அதற்குத்தான் மாட்டாஸ்பத்திரி டாக்டர் இருந்தார். அவர் மருந்து எதுவும் எழுதவில்லை. "தினமும் காலைல, சாயங்காலம் ஒழுங்கா நடக்க வைம்மா. உன் இடது பக்கமாவே வரணும், கயிறு தொய்வா இருக்கணும். அது இழுத்தா நீ நின்னுடு. நடக்காத நாய்க்குத்தான் புத்தி கெட்டுப்போகும்" என்றார்.

சீக்கிரமே மேனேஜர் சொன்ன பேச்சு கேட்டது. அதே நாட்களில் புருஷனும் வீட்டுக்கு வந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, கெண்டைக்கால் குத்துகிறது என்று முனகிக்கொண்டே தூங்கிப்போனான். மகள் முதன்முறையாக வாய்விட்டுப் பாடம் படித்தாள். மழை என்று நடையை விட்ட ஒரு நாள் இஸ்திரிப்பெட்டி பறந்துவந்து சுவரில் மோதியதும் தையல்காரிக்குச் சங்கதி விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு மழை, காய்ச்சல், அவசரத் துணி எதற்காகவும் அவள் நடையை விடவில்லை. தெருவுக்கும் விஷயம் தெரியும். குழாயில் தண்ணீர் வந்ததா என்று கேட்பதுபோல, "இன்னைக்கு மேனேஜர் நடந்தாச்சா?" என்று விசாரிப்பார்கள். ஆச்சு என்று பதில் வந்தால்தான் அடுத்த வீட்டுக்காரி தன் கதவைத் திறந்து வைப்பாள். அவனைப் பாவம் என்று யாரும் சொன்னதில்லை. மகள் அம்மாவின் தோளுக்கு மேல் வளரும்வரை இப்படியே ஓடியது.

பட்டறையில் யாரோ வாய் தவறி அவனிடமே விஷயத்தை உளறிவிட்டார்கள். அன்றே அவன் நாயின் கழுத்துப்பட்டையில் இரும்புச் சங்கிலி மாட்டி, மாடிப்படிக்குக் கீழே கட்டிப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கால் வலி போய்ப் புது மாப்பிள்ளை மாதிரி நடந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டில் உப்பு இல்லை என்று மகளின் கையை மேசை விளிம்பில் வைத்து முறித்தான்.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும், கட்டுப்போட்ட கையோடு மகளை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு, தையல்காரி துணி வெட்டும் கத்தரியால் கழுத்துப்பட்டையை அறுத்தாள். கித்தான் நாடாவைக் கழுத்தில் கட்டிக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வழக்கமாகத் திரும்பும் முனையில் மேனேஜர் தானாகத் திரும்பப் பார்த்தது. "இன்னும் கொஞ்சம், கண்ணு" என்றாள். ஊர் முடிந்தது, நெடுஞ்சாலை வந்தது, வெயில் உச்சிக்கு ஏறி இறங்கியது. நாயின் பாதங்களிலிருந்து தாரில் ரத்தம் ஒட்டியது. பழகிய பழக்கம் மட்டும் மாறவில்லை. அவளுக்கு இடது பக்கமாகவே வந்தது. நாடா ஒருமுறைகூட இறுகவில்லை. இழுத்திருந்தால் அவள் நின்றிருப்பாள். அவள் வாய்விட்டு அழுதாள், அழுதுகொண்டே நடந்தாள்.

பொழுது சாயும்போது மேனேஜர் சாலையோரம் படுத்து, அவள் பாதத்தின்மேல் முகத்தை வைத்தது. பிறகு எழுந்திருக்கவில்லை. அதே நேரம் பட்டறையில் அவன் லேத்தின் பக்கத்தில் சரிந்தான். பூட்ஸைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளங்காலில் தோலே இல்லை. அவன் மிதித்தேயிராத சாலையின் ஜல்லி சதையில் பதிந்திருந்தது. அளவுக்கு மீறி நடந்ததால் மரணம் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

விடிகிற நேரத்தில் தையல்காரி நாயைத் தோளில் சுமந்துகொண்டு தெருவுக்குள் வந்தாள். "ஐயோ, மேனேஜரு!" என்று அடுத்த வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். மகள் ஒற்றைக் கையால் அதைக் கட்டிக்கொண்டாள். இழவுக்கு வந்து வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வாசலுக்கு வந்து அழுதார்கள். உள்ளே கிடந்தவனைத் தூக்க ஆள் போதவில்லை என்று பட்டறைக்குச் சொல்லி அனுப்பினார்கள்.