விற்பனைக்கு வராத வீடு

சனிக்கிழமை காலை சிவனேஸ்வரி குசினியில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அப்போது முன்பின் தெரியாத ஒரு பெண் பின்கதவால் உள்ளே வந்து நிலத்தைக் குனிந்து பார்த்தாள்.

"இதுக்கு மாபிள் போடோணும் என்ன?" என்று வெளியே நின்ற கணவனிடம் கேட்டாள். அதற்குப் பிறகுதான் சிவனேஸ்வரியைக் கண்டாள். "குறை நினைக்காதேங்கோ அன்ரி. முன்னாலை கூப்பிட்டம், சத்தத்தைக் காணேல்லை. நீங்கள்தானே புதுசா இந்த வீட்டை வாங்கினனீங்கள்?"

"நான் ஏன் பிள்ளை வாங்க? இது என்ரை வீடு. நானும் அவருமாய்க் கட்டினது."

அந்தக் கணவன் தோள்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். அதில் சிவனேஸ்வரியின் வீடு நிறத்தில் அச்சாகி இருந்தது. வாசற் படலை, குரோட்டன் சாடிகள், கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவளுடைய மண்ணிறச் சேலை, எல்லாமே தெரிந்தன. படத்தின் கீழே 'விற்பனைக்கு' என்றும் ஒரு தொலைபேசி இலக்கமும் எழுதியிருந்தது.

"லண்டனிலை இருந்து இணையத்திலை தேடினனாங்கள்," என்றான் அவன். "வவுனியா, மூண்டு அறை, கிணறு எண்டு குடுத்தால் இந்தப் படம் வருது. போன் எடுத்துக் கேட்டம். அது வித்துப் போச்சு, வேறை காட்டுறம் எண்டினம். இவவுக்கு இதுதான் பிடிச்சுது. அதுதான் வாங்கின ஆக்களோடையே கதைப்பமெண்டு, பின்னாலை தெரியிற கோயிலை வைச்சு இடத்தைப் பிடிச்சு வந்தனாங்கள்."

சிவனேஸ்வரி வாசற்படியில் இருந்துவிட்டாள். வித்துப் போச்சு என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவர்கள் சொன்ன எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.

சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. போரால் மூடியிருந்த பாதை திறந்ததில் வெளிநாட்டிலிருந்து சனம் வந்துபோனது. வவுனியாவில் காணி விலை ஏறியது. சிவனேஸ்வரி ஆசிரியை. கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, கணவனோடு சேர்ந்து சிறுகச் சிறுகக் கட்டிய வீடு அது. கணவன் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. திரும்பவும் ஓடவேண்டி வந்தால் தொலைந்துவிடும் என்ற பயத்தில், வீட்டின் உறுதிப் பத்திரத்தைத் தன் தம்பி ராசுவிடம் அவளே கொடுத்துவைத்திருந்தாள்.

அந்த ராசுதான் போன மாதம், "தனிய இருக்கிற உங்களுக்கு ஏனக்கா இவ்வளவு பெரிய வீடு? ஒரு பக்கத்தை வாடகைக்கு விடுங்கோவன்" என்று சொல்லியிருந்தான். அன்றைக்கு அக்கறையாய்ப் பட்ட பேச்சு இப்போது வேறு மாதிரி ஒலித்தது.

கடைத்தெருவில் ராசுவின் இரும்புக்கடைக்கு எதிரே போய் நின்றாள். அவன் யாரோ ஒரு வாடிக்கையாளருடன் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தான். தன் வீட்டை விற்றுவிட்டுச் சிரிக்கிறான் என்று அவள் நினைத்தாள். தெருவைக் கடக்கவில்லை. அந்தத் தாளோடு நேரே பொலிசுக்குப் போய் முறைப்பாடு கொடுத்தாள்.

ராசுவைக் கடையில் நின்ற ஆட்களுக்கு முன்னாலேயே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

"ஆர் ஐயா என்னிலை முறைப்பாடு குடுத்தது?" என்று அவன் கேட்டான்.

பொலிஸ்காரர் சிவனேஸ்வரியைக் காட்டினார். ராசு அவளைப் பார்த்தான். செய்தி அறிந்து அவன் மனைவி இராசேஸ்வரி, அலுமாரியிலிருந்த உறுதியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அதில் ஒரு கையெழுத்தும் மாறியிருக்கவில்லை.

தாளிலிருந்த இலக்கத்துக்குப் பொலிஸார் அழைத்தபோது, காணித் தரகன் குகதாசன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயா, நான் ஒருதற்றை வீட்டையும் விக்கேல்லை. என்னட்டை விக்கிறதுக்கு இருக்கிறது பத்தை மண்டின வெறும் காணியள்தான். அதைப் போட்டால் ஆர் பாப்பினம்? வடிவான வீடு ஒண்டைப் போட்டால் தேடுற ஆக்கள் நிப்பினம். மிச்ச விபரம் பாக்கிறதுக்குப் பேரும் போன் நம்பரும் எழுதோணும். எங்களுக்கு அந்த நம்பர் கிடைச்சால் போதும். வீடு போயிட்டுதெண்டு சொல்லிப்போட்டு எங்கடை காணியைக் காட்டுவம். இதெல்லாம் தொழிலிலை நடக்கிறதுதானே."

"அது என்ரை வீடெண்டு உமக்குத் தெரியாதோ?" என்று சிவனேஸ்வரி கேட்டாள்.

"தெரியாது ரீச்சர். ரோட்டாலை போகேக்கை கண்டன். வடிவா இருந்துது, படம் எடுத்தனான்."

விற்பனையும் இல்லை, திருட்டும் இல்லை, எதை எழுதுவது என்று பொலிஸ்காரர் பேனாவை வைத்துவிட்டார். ராசு எழுந்து உறுதியை அக்காவின் மடியில் வைத்தான்.

"உங்கடை வீடு உங்களிட்டையே இருக்கட்டும் அக்கா," என்று சொல்லிவிட்டு வெளியே போனான். குகதாசனின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்போதுதான் போனது.

அடுத்த நாள் குகதாசன் மன்னிப்புக் கேட்க ராசுவின் வீட்டுக்குப் போனான். அங்கே சிவனேஸ்வரி முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள். இராசேஸ்வரி ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இருங்கோ மச்சாள். அவர் வெளியிலை வரமாட்டாராம்."

குகதாசன் யன்னலருகே போனான். "அண்ணை, பிழை முழுக்க என்னிலைதான். அக்காவைக் கோவிக்காதேங்கோ."

உள்ளேயிருந்து ராசுவின் குரல் மட்டும் வந்தது. "தம்பி, உமக்கு என்னைத் தெரியாது. அக்கா என்னைத் தூக்கி வளத்தவா. என்னட்டை வந்து ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

"ஓம் ராசு," என்றாள் சிவனேஸ்வரி. "கேட்டிருக்கோணும்."

கதவு திறக்கவில்லை. அவள் கதிரையில் இருக்கவும் இல்லை, போகவும் இல்லை.

திங்கட்கிழமை காலை குகதாசன் தன் அலுவலகத்துக்கு வந்ததும் வராததுமாய், கணினியில் வேலை செய்யும் தேனுகாவைக் கூப்பிட்டான்.

"விக்கச் சொல்லி ஆக்கள் தராத வீட்டுப் படங்கள் எல்லாத்தையும் எடுத்துவிடும்."

தேனுகா திகைத்துப்போனாள். "எடுத்தால் பத்தைக் காணி மட்டும்தான் மிஞ்சும் அண்ணை. பிறகு ஒருதரும் நம்பர் தரமாட்டினம்."

"தராட்டிப் போகட்டும். விக்காத வீட்டை விக்கிறதெண்டு போடுறதை நான் விளம்பரமெண்டு நினைச்சிருந்தன். அது பொய், தேனுகா. நாங்கள் இஞ்சை இருந்து சொல்லுற பொய் ஆருடைய வீட்டுக்கை போய் நுழையுமெண்டு எங்களுக்குத் தெரியாது. அது ஒரு அக்காவையும் தம்பியையும் பிரிச்சுப்போட்டுது. நான் இப்ப எவ்வளவு உண்மையைச் சொல்லியும் அவையைச் சேத்துவைக்க முடியேல்லை."